இடக்கை எழுத்து

என் மகள் எழிலரசி நான்காம் வகுப்பு வரைக்கும் வீட்டுப்பாடத்தில் ஒரு பிழைகூடச் செய்ததில்லை. நான் செய்ய விட்டால்தானே.

இதை இப்போது பெருமையாகச் சொல்லவில்லை. சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள். சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸுக்காக அம்மாக்கள் கூடி நின்றால் பேச்சு இரண்டே விஷயத்தைப் பற்றித்தான். கிரீன் கார்டு வரிசை எந்த வருஷத்தில் வந்து நிற்கிறது, யார் பிள்ளை எந்த லெவலில் படிக்கிறது. முதல் விஷயத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டாவதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் உடுமலைப்பேட்டைக்காரி. பெயர் புஷ்பவல்லி. இங்கே வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்தியவள். கோபக்காரி என்று பெயர், அது பொய்யும் இல்லை. என் வீட்டுக்காரர் மயில்சாமி ஒரு மருந்துக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார். வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்களுக்கு ஒரே பெண்.

எழிலுக்கு வாசிப்பு கூடி வரவில்லை என்பது எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரியும். முன்னால் நிற்கும் எழுத்தைப் பின்னால் போட்டுப் படிப்பாள். இந்த வரியில் தட்டுத் தடுமாறிப் படித்த சொல், அடுத்த வரியில் வந்தால் முன்பின் பார்க்காததுபோல் விழிப்பாள். ஆனால் காதில் ஒரு தரம் விழுந்தது அவளுக்கு மறக்காது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் தண்ணீர் சிக்கனம் பற்றி நான்கு நிமிஷம் தங்குதடையில்லாமல் பேசிக் கோப்பை வாங்கினாள். அதில் ஒரு வரியையும் அவள் வாசிக்கவில்லை. நான் சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டாள். நானும் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து மேலே வந்தவள்தான். இவ்வளவு ஞாபகசக்தி இருக்கிற பிள்ளைக்குப் படிப்பு எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அந்த வாரம் வகுப்பில் வாசிக்கப்போகும் பாடங்களை டீச்சர் ஞாயிற்றுக்கிழமையே வெப்சைட்டில் போட்டுவிடுவார். நான் பிரின்ட் எடுத்து, எழிலைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்துப் பன்னிரண்டு தடவை படித்துக் காட்டுவேன். எங்கே பக்கம் திருப்ப வேண்டும் என்பது உட்பட அவளுக்குப் பாடமாகிவிடும். எழுதுகிற ஹோம்வொர்க்கை நானே எழுதினேன். என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும், முதல் நாளே மாட்டிக்கொள்வேன். அதனால் பென்சிலை இடக்கையில் பிடித்தேன். அப்போது எழுத்து ஒன்பது வயதுக் குழந்தை எழுதியதுபோலக் கோணிக்கொண்டு வரும். நம்பும்படியாக நடுவில் ஒரு பிழை போடலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். கை வரவில்லை.

போன அக்டோபரில் இது உடைந்தது. திமிங்கிலத்தைப் பற்றி ஒரு பாடம் வெப்சைட்டில் இருந்தது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழிலுக்கு ஏற்றினேன். திங்கட்கிழமை டீச்சர் என்ன காரணத்தாலோ அதை மாற்றி எரிமலை பற்றிய பாடத்தைக் கையில் கொடுத்துவிட்டார். எழிலின் முறை வந்தது. எழுந்து நின்றாள். எரிமலைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, திமிங்கிலம் எப்படி மூச்சு விடுகிறது என்பதைக் கணீரென்று படித்தாள். வகுப்பு சிரித்தது. ஏதோ ஒரு சொல்லை விட்டுவிட்டதால்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

டீச்சர் மிசஸ் ஹாலரன் மூன்று மணிக்கு எனக்கு போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். திட்டப்போகிறார் என்று நான் பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ, "இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்," என்றார். என் பதில்கள் எதற்கும் உதவாமல் போயின.

எழில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அழவில்லை. முறுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்களிடம் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ்தான். அன்றைக்கும் அதில்தான் கேட்டாள். "அம்மா, அந்த எரிமலைக் கதையை மற்ற பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மா எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்?"

"யாருமே சொல்லிக் குடுக்கல கண்ணு. டீச்சர் இன்னிக்குத்தானே குடுத்தாங்க."

முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படியானால் அவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது?"

வாசிப்பது என்றால் இதுதான் என்று இந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா முதல் நாளே காதில் ஓதி அனுப்புகிறாள், மறுநாள் அவர்கள் தாளைப் பார்த்தபடி ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான் படிப்பு. அப்படி நினைக்க வைத்தது வேறு யாரும் இல்லை. முறுக்கை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

மிசஸ் ஹாலரன் போனில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "மகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். தேதி போடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் மறந்துபோகலாம். கடிதமாகக் கேட்டால் இருபது நாளுக்குள் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியாக வேண்டும். அது சட்டம்."

மயில்சாமி தயங்கினார். "ஸ்பெஷல் எஜுகேஷன் புள்ளைன்னு ஒரு தடவ ரெக்கார்டுல ஏறிருச்சுன்னா நாளைக்கு காலேஜ் அப்ளை பண்றப்ப பிரச்சன ஆகாதா புஷ்பா?"

"அதெல்லாம் வெளிய யாருக்கும் காட்ட மாட்டாங்களாமுங்க, டீச்சர் சொல்லிட்டாங்க. புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுங்க. காலேஜ் அப்ளிகேஷன நானே எடது கைல எழுதிக் குடுக்கறதா?"

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து அவரே கடிதம் எழுதினார். நல்ல கடிதம்தான். ஆனால் முடிவில், தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம் என்பதன் இங்கிலீஷ் வடிவம் ஒன்றைச் சேர்த்திருந்தார். லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை.

நான்காம் நாளே பதில் வந்துவிட்டது. கூடவே பெற்றோரின் உரிமைகள் என்று ஒரு புத்தகம். சோபாவில் உட்கார்ந்து அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். முடிவு பிடிக்காவிட்டால் மறுக்கலாம், மேலே போய் முறையிடலாம், நம் மொழியில் பேச ஒருவரைக் கேட்கலாம். எனக்கு இத்தனை உரிமைகளை இதற்கு முன்னால் யாரும் தபாலில் அனுப்பியதில்லை. இந்த நாட்டில் விசாவுக்காகப் பத்து வருஷமாகக் கைகட்டி நிற்கிற எங்களிடம், கேள் என்று சொன்ன முதல் காகிதம் அதுதான்.

கூட்டம் நவம்பரில். அங்கேதான் நான் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். எந்த ஆபீசுக்குப் போனாலும் சர்டிபிகேட் ஃபைலோடு போவது நம் பழக்கம். வெறுங்கையோடு போனால் மதிக்க மாட்டார்கள் என்று நினைப்பு. எழிலின் இரண்டு வருஷ ஹோம்வொர்க், நூற்றுக்கு நூறு வாங்கிய தாள்கள், பேச்சுப் போட்டிப் படம், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். உதவி கேட்கப் போகிற இடத்துக்கு, உதவியே தேவையில்லை என்பதற்கான அத்தாட்சியை நானே சுமந்துகொண்டு போனேன்.

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். மிசஸ் ஹாலரன் இருந்தார். பேசியதெல்லாம் பள்ளியின் உளவியலாளர் டாக்டர் வெல்ஷ். ஆறடி உயரம், வழுக்கைத் தலை, மெதுவான பேச்சு. மேஜை நடுவில் ஒரு போன். எங்கள் வீட்டு மொழி தமிழ் என்று ஃபாரத்தில் போட்டிருந்ததால் மொழிபெயர்க்க ஒருவரை லைனில் ஏற்பாடு செய்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷம் இங்கிலீஷில் பாடம் நடத்தியவளுக்கு மொழிபெயர்ப்பாளரா? தேவையில்லை என்றேன். "இருக்கட்டும். வேண்டுமானால் பயன்படுத்துங்கள், வேண்டாவிட்டால் விடுங்கள்," என்றார் டாக்டர் வெல்ஷ்.

போனிலிருந்து ஒரு பெண் குரல் யாழ்ப்பாணத் தமிழில் வந்தது. "வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே இங்கிலீசில சொல்லுவன். அவையள் சொல்லுறதைத் தமிழில சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்." அதோடு அமைதியாகிவிட்டது.

மிசஸ் ஹாலரன் எரிமலைக் கதையைச் சொன்னார். டாக்டர் வெல்ஷ் என் ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். அவர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் டாக்டர் வெல்ஷ் மிகவும் மரியாதையாகச் சொன்னார். "அன்று குழந்தை பதற்றத்தில் குழம்பியிருக்கலாம். பரிசோதனை செய்ய வேண்டுமென்றால் குறை ஏதோ இருக்கிறது, அது படிப்பைப் பாதிக்கிறது என்று சந்தேகப்படக் காரணம் வேண்டும். இந்தத் தாள்களில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. சொல்லப்போனால் வகுப்பிலேயே நேர்த்தியான வேலை இது. கொஞ்சம் கூடுதல் வாசிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, வசந்த காலத்தில் மறுபடி பேசலாமா?"

மயில்சாமி தலையாட்டிவிட்டார். டாக்டர் என்று பெயருக்கு முன்னால் இருந்தால் நம்மவர்களுக்குத் தலை தானாகவே ஆடும். இன்னும் இரண்டு நிமிஷத்தில் நாங்கள் நன்றி சொல்லிக் கைகுலுக்கி வெளியே வந்திருப்போம். எழில் இன்னொரு வருஷம் தாளைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருப்பாள்.

நான் வாயைத் திறந்தேன். இங்கிலீஷ் வரவில்லை. பொய் சொல்லவும் பாடம் நடத்தவும் போதுமான இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. இதற்கு இல்லை.

"இதையெல்லாம் எழுதுனது நானுங்க," என்றேன் தமிழில்.

போனிலிருந்து இங்கிலீஷில் வந்தது. "இதையெல்லாம் எழுதியது நான்."

அந்த அம்மா சொல்கிறார் என்று அவள் சொல்லவில்லை. நான் என்றே சொன்னாள். அதுதான் அவர்கள் தொழில்முறை என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரியாது. என் அவமானத்தை முகம் தெரியாத ஒருத்தி தன் வாயில் வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. அவள் குரலில் நடுக்கம் இல்லை, வெட்கமும் இல்லை. அதனால் எனக்கும் மேலே சொல்ல முடிந்தது.

"என்ற புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுங்க. ரெண்டு வருசமா நானே மனப்பாடம் பண்ண வெச்சு, நானே எழுதி அனுப்பிச்சிருக்கறனுங்க. அவ ஏமாத்தலைங்க. படிக்கறதுன்னா அதுதான்னு நெனச்சுக்கிட்டா. ஏமாத்துனது நானுங்க."

குரல் ஒவ்வொரு வாக்கியமாகப் போனது. என் பிள்ளை. நான் எழுதினேன். நான் ஏமாற்றினேன். மயில்சாமி மேஜைக்குக் கீழே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் வெல்ஷ் சிரித்த முகமாகவே, "எல்லாப் பெற்றோரும் கொஞ்சம் உதவத்தான் செய்வார்கள்," என்றார். அவர் நம்பவில்லை. அந்தக் கோணல் எழுத்து குழந்தையின் எழுத்துதான் என்று அவர் கண் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லியும் நம்பாவிட்டால் எப்படி? அவர் முன்னால் கிடந்த பேனாவை இடக்கையில் எடுத்தேன். ஃபைலில் மேலாக இருந்த தாளின் முதல் இரண்டு வரிகளை ஒரு வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தேன்.

"அம்மா, கதைக்கிறது நிண்டு போச்சுது. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. அங்க என்ன நடக்குது?" என்றது போன்.

"எழுதிக் காட்டறனுங்க. எடது கைல."

அதையும் அவள் இங்கிலீஷில் சொன்னாள். நான் எழுதிக் காட்டுகிறேன், இடது கையால்.

டாக்டர் வெல்ஷ் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார்.

"மூணு மணி நேரமுங்க. ஞாயித்துக்கெழம அஞ்சு."

எழுதிக்கொண்டார். பிறகு ஃபைலை மூடி என் பக்கமாக நகர்த்தினார். "அப்படியானால் உங்கள் மகளின் வேலை ஒன்றுகூட எங்களிடம் இல்லை. சந்தேகப்பட இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. பரிசோதிப்போம்." என்னைப் பார்த்து, "இத்தனை நாள் நீங்கள் செய்தது பெரிய வேலை, அம்மா. அது எங்கள் வேலை. இனி எங்களிடம் கொடுத்துவிடுங்கள்," என்றார்.

அடி விழும் என்று குனிந்து நின்றவளின் கையிலிருந்த சுமையை ஒருவர் வாங்கிக்கொண்டார். நான் அழுதேன். அங்கே எல்லாருக்கும் அது பழக்கம்போல, டிஷ்யூ டப்பா உடனே நகர்ந்து வந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். புறப்படும்போது போனைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க அக்கா," என்றேன்.

கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்றவள் அல்லவா? அதையும் அப்படியே மேஜைக்கு மொழிபெயர்த்தாள். "தேங்க் யூ வெரி மச், சிஸ்டர்." டாக்டர் வெல்ஷ் ஒரு கணம் விழித்தார். பிறகு பெருந்தன்மையாக, "பரவாயில்லை," என்றார். மயில்சாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அழுகையோடு சிரிப்பு. போன் பக்கமும் ஒரு மூச்சு தடுமாறியதுபோல எனக்குக் கேட்டது. அவள் பெயர் இன்றுவரை தெரியாது. அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு எண் மட்டும்தானாம். என் நன்றி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

குளிர்காலத்தில் பரிசோதனைகள் முடிந்தன. டிஸ்லெக்சியா என்றார்கள். அறிவில் குறை ஒன்றுமில்லை, எழுத்தையும் ஒலியையும் அவள் மூளை வேறு வழியில் சேர்க்கிறது, அதற்கென்று சொல்லிக்கொடுக்கும் முறை இருக்கிறது என்றார்கள். பிப்ரவரியில் அவளுக்கென்று ஒரு திட்டம் எழுதிக் கையெழுத்தானது. தினமும் முக்கால் மணி நேரம் மிஸ் ஒட்டேரோ என்ற வாசிப்பு ஆசிரியை. பாடப் புத்தகங்களைக் காதால் கேட்கும் வசதி. தேர்வில் கூடுதல் நேரம். அதில் எனக்கும் ஒரு விதி எழுதியிருந்தார்கள். ஹோம்வொர்க் இருபது நிமிஷம். முடியாவிட்டால் முடிந்தவரை அப்படியே அனுப்ப வேண்டும்.

பரிசோதனை அவளுக்கு நடந்தது, தண்டனை எனக்கு என்று முதல் வாரம் நினைத்தேன். மூன்று வரி, ஐந்து பிழை, பாதியில் நின்ற ஒரு வாக்கியம். அதைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன். மறுநாள் அந்தத் தாளில் மிஸ் ஒட்டேரோ பிழைகளைச் சுற்றி ஒரு வட்டமும் போடாமல், இது எழில் எழுதியது, மகிழ்ச்சி என்று எழுதி அனுப்பியிருந்தார். பஸ் நிற்கும் இடத்தில் லெவல் பற்றிப் பேச்சு வந்தபோது, என் பெண்ணுக்கு டிஸ்லெக்சியா, பள்ளியில் தனியாகச் சொல்லித் தருகிறார்கள் என்று நானே சொன்னேன். எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அன்று மாலையே அதில் ஒருத்தி தனியாக போன் செய்து, அந்த லெட்டரை எப்படி எழுதினீங்க என்று கேட்டாள். மயில்சாமியின் கடிதத்தைக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பிவைத்தேன்.

ஜூன் மாதம், பள்ளி மூட ஒரு வாரம் இருக்கும்போது, எழில் லைப்ரரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகம் கொண்டுவந்தாள். மிஸ் ஒட்டேரோ எனக்கு மெயில் அனுப்பியிருந்தார். என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டதற்கு, எங்கள் அம்மா படிக்காத கதையாக ஒன்று என்றாளாம்.

சோபாவில் எனக்கு எதிராக உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அட்டை மட்டும்தான் தெரிந்தது. பாலத்தின் நடுவில் ஒரு கழுதை. விரலை வரியில் வைத்து, ஒலி ஒலியாகச் சேர்த்துப் படித்தாள். முதல் பக்கம் பதினொரு நிமிஷம். கழுதை பாலத்தில் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. பின்னால் இழுத்தாலும் வரவில்லை, முன்னால் தள்ளினாலும் போகவில்லை. பிறகு ஒரு சொல்லில் எழிலும் நின்றுவிட்டாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று என் நாக்கு துடித்தது. அப்போதுதான் உறைத்தது, அந்தச் சொல் என்னவென்று எனக்கும் தெரியாது. இரண்டு வருஷத்தில் முதன்முறையாக என் பெண் எனக்குத் தெரியாத ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கழுதை என்ன ஆயிற்று என்றும் தெரிய வேண்டியிருந்தது.

"அப்பறம் என்னாச்சு கண்ணு?" என்று கேட்டேன்.

தலையை நிமிர்த்தாமல், விரலையும் எடுக்காமல் சொன்னாள். "வெயிட் பண்ணும்மா. நானே இன்னும் அங்க ரீட் பண்ணல."